தேதி மட்டும்

மாட்டுங்கா லேபர் கேம்ப்
21-7-2025

ஏழாம் வகுப்பு ஆசிரியை கோகிலவாணி அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் தளவாய். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பற்றி ஊர் உலகம் படிக்கும்படி எழுதிவிட்டார்கள்.

நேற்றுக் காலை கரீம் பாட்சாவின் சாயாக் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவர் தன் மொபைலை என் மூக்குக்கு நேராக நீட்டி, "அரே அண்ணாச்சி, உங்க பேரு இதுல வந்திருக்கு, பாருங்க" என்றார். சிரித்த முகமாகத்தான் நீட்டினார். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். என் பெயரைப் படித்ததோடு நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். "லேபர் கேம்ப் கரும்பலகையில் தவறான செய்தி. பன்னிரண்டு வீட்டார் ரேஷன் முகாமைத் தவறவிட்டார்கள்." எழுதியவர் சஃபீனா, ஏழாம் வகுப்பு. இதே கரீம் பாட்சாவின் பேத்தி.

இந்தக் குடியிருப்பில் எங்கள் சந்து முனையில், கூட்டம் நடக்கும் மன்றத்துச் சுவரில் இருக்கும் கரும்பலகையில் நான் நாற்பத்தொரு வருடமாகச் செய்தி எழுதி வருகிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை, நானே தொடங்கினேன். சயான் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் டர்னராக இருந்தபோதும் எழுதினேன், வேலையை விட்ட பிறகும் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனது நாலாம் வகுப்பு வரை. மற்றதெல்லாம் கண்ணில் பட்டதைப் படித்துத் தெரிந்துகொண்டது. மராத்தி நோட்டீஸ் ஒட்டினால் சந்தில் எல்லாரும் என் பலகைக்குத்தான் வருவார்கள். தொண்ணூற்றிரண்டு டிசம்பர் கலவரத்தில் ஆளுக்கொரு வதந்தி சொல்லிக்கொண்டு ஓடியபோது, "போர்டுல இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் சந்தில் கதவைப் பூட்டுவதா திறப்பதா என்று முடிவு செய்தார்கள். அந்தப் பலகையைத்தான் உங்கள் பிள்ளைகள் பொய் என்கிறார்கள்.

நடந்தது இது. ரேஷன் கார்டில் பெயர் உள்ளவர்கள் விரல்ரேகை பதிய மன்றத்தில் முகாம் போட்டார்கள். கடைசி நாள் ஜூலை ஒன்பது. எட்டாம் தேதி நான் "நாளை கடைசி நாள்" என்று எழுதினேன். எட்டுக்கு மறுநாள் ஒன்பதுதானே? இதில் என்ன தவறு இருக்கிறது?

சந்து முனையில் ஆப்பம் சுட்டு விற்கும் சொர்ணம்மாள் பத்தாம் தேதி போய் நின்றால் அதற்கு நான் பொறுப்பில்லை. அவளுக்கு இந்த மாத அரிசி நின்றுவிட்டது. முப்பது வருடம் என்னைக் கண்டால் ஒரு ஆப்பத்தை இலையில் வைத்து நீட்டியவள், இப்போது சட்டியைப் பார்த்தபடியே இருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. உங்கள் பிள்ளைகள் எழுதியதை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

வரும் வியாழக்கிழமைக்குள் அதை எடுத்துவிட வேண்டும். என் பலகையாக இருந்தால் ஈரத் துணியால் ஒரு இழுப்பு போதும். உங்களுடையதை எப்படித் துடைப்பது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் துடையுங்கள்.

இப்படிக்கு,
ச. தளவாய்


வாஷி
23-7-2025

பெரியவர் தளவாய் அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். அண்ணாச்சி என்று எழுதுவதற்குத் தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் அப்பா கயத்தாற்றுக்காரர். நான் பிறந்தது செம்பூரில்தான் என்றாலும், உங்களை வேறு மாதிரி அழைக்க எனக்கு வரவில்லை.

உங்கள் கடிதத்தை சஃபீனாவிடமே கொடுத்து அனுப்பியிருந்தீர்கள். ஒட்டிய உறை. உள்ளே என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, தன் இடத்துக்குப் போய்த் தலை குனிந்து உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பதிவு எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு செய்தி கொண்டுவர வேண்டும். யார் சொன்னது, யார் பார்த்தது, எப்போது நடந்தது, இந்த மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் செய்தி வெளியே போகாது. ஜூன் மாதம் முழுக்கக் கிரிக்கெட்டும் சினிமாவும்தான் வந்தன. "நீ பார்த்தியா?" என்று கேட்டுக் கேட்டு, இப்போதுதான் தங்கள் சந்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். வீட்டில் தமிழ், வெளியே இந்தி, மொபைலில் என்னவோ. தமிழில் அரைப் பக்கம் எழுதச் சொன்னால் வயிற்றுவலி என்பார்கள். இதற்காக எழுதுகிறார்கள். எழுதியதை வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் அறையில் எங்கள் வலைப்பூவில் ஏற்றுவோம். தூத்துக்குடியிலிருந்து யாராவது ஒரு மாமா அடியில் இரண்டு வரி எழுதிவிட்டால் அந்த வாரம் பூராவும் அதே பேச்சு.

அதில் ஏற்றியதை எடுப்பதில்லை என்று பிள்ளைகளும் நானும் சேர்ந்து ஒரு விதி வைத்திருக்கிறோம். தவறென்று தெரிந்தால் அதன் மேல் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுவோம். பழையது கோட்டுக்கு அடியில் தெரிந்துகொண்டே இருக்கும். பதிவு ஏறிய நாளும் மணியும் மேலே தானாக விழும். பிள்ளைகளால் அதை மாற்ற முடியாது.

உங்களைக் கேட்காமல் எழுதியதாக நினைக்காதீர்கள். பதினான்காம் தேதி சாயங்காலம் சஃபீனா உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"'தாத்தா, அன்னைக்கு போர்டுல எட்டாம் தேதின்னு போட்டிருந்துச்சா, ஒம்பதாம் தேதின்னா?'ன்னு கேட்டேன் டீச்சர். 'ஒன் பாடத்தப் போய்ப் படிட்டி'ன்னாரு. மறுபடி கேட்டேன். மூணாவது தடவ கேக்கும்போது டஸ்டரைத் தட்டிட்டாரு. மூஞ்சி பூரா சாக்பீஸ் தூசி."

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் தேதி விடியற்காலை குழாயடிக்குப் போகும்போது பலகையின் கீழ் மூலையில் 9-7-2025 என்று இருந்ததாகவும், மேலே "நாளை கடைசி நாள்" என்று இருந்ததாகவும் அவள் சொல்கிறாள். கூடப் போன இன்னொரு பிள்ளையும் அதையே சொல்கிறாள். கரீம் பாட்சா ஐயாவிடம் கேட்டதற்கு, "அது அண்ணாச்சிட்ட கேக்க வேண்டிய கேள்வி" என்று சொல்லிவிட்டாராம்.

அதனால் உங்களிடமே கேட்கிறேன், அண்ணாச்சி. அன்று பலகையில் எந்தத் தேதி இருந்தது? நீங்கள் எழுதும் பதிலை ஒரு எழுத்து மாற்றாமல், அதே பதிவுக்குக் கீழே போடுகிறோம்.

அன்புடன்,
கோகிலவாணி


மாட்டுங்கா லேபர் கேம்ப்
26-7-2025

டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எடுக்க முடியாது என்பதை ஒரு வரியில் எழுதியிருக்கலாம்.

உங்கள் பிள்ளைகளின் உண்மை எந்த அளவில் இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கரீம் பாட்சாவின் மொபைலை வாங்கி அந்தப் பதிவை மறுபடி படித்தேன். நான் முப்பத்தெட்டு வருடமாக எழுதுவதாகப் போட்டிருக்கிறது. நாற்பத்தொன்று. என்னை ஓய்வுபெற்ற வாட்ச்மேன் என்று போட்டிருக்கிறது. நான் டர்னர். ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூக்கி எறியும் வேலையை முப்பத்திரண்டு வருடம் பார்த்தவன். பலகை நாலடி உயரம் என்று போட்டிருக்கிறது. ஆறடி. கீழே நின்று பார்க்கிற பிள்ளைக்கு எட்டியது அவ்வளவுதான். அரைப் பக்கத்தில் மூன்று பிழை. இந்தப் பிள்ளை சொல்வதை வைத்து என்னைக் கேள்வி கேட்கிறீர்கள்.

விடியற்காலை ஐந்து மணி, அரைத் தூக்கம், இடுப்பில் குடம், சந்தில் ஒரே ஒரு ட்யூப் லைட். அந்த வெளிச்சத்தில் எட்டு எது ஒன்பது எது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்ததாம். கூட ஒரு சாட்சி. அதுவும் குடத்தோடு நின்ற சாட்சி.

நேற்று சொர்ணம்மாளிடம் நானே போய்ப் பேசினேன். நீங்கள் எப்படியும் யாரையாவது விட்டுக் கேட்பீர்கள், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

"என்ன சொர்ணம், பேச மாட்டேங்க?" என்றேன்.

"என்னத்தப் பேச? கடையில அரிசி கிலோ என்ன வெலன்னு போர்டுல எழுதுங்க. எனக்கு இனிமே அதுதான் செய்தி."

"நான் சரியாத்தான் எழுதினேன்."

"நீங்க சரியாத்தான் எழுதுவீக அண்ணாச்சி. நாந்தான் பூட்டுன கதவப் பாத்துட்டு ஒரு மணி நேரம் நின்னேன். கால் வலிச்சது எனக்குத்தான்."

பக்கத்தில் ஆப்பம் வாங்க நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். என்னைப் பார்த்து யாரும் இப்படிப் பேசியதில்லை. இப்போதெல்லாம் பலகைக்கு முன்னால் நிற்பவர்கள் படித்து முடித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பார்வையை உங்கள் பதிவுதான் உண்டாக்கியது.

கல்வி அதிகாரிக்கு எழுதிவிட்டேன். மராத்தியில், மூன்று பக்கம். பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பெரியவர்களின் பெயரைக் கெடுக்கும் காரியம் நடக்கிறது, நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் மேல் தனிப்பட்ட விரோதம் இல்லை. ஆனால் வியாழக்கிழமை வரை தவணை கொடுத்திருந்தேன். வியாழன் போய்விட்டது.

ச. தளவாய்


வாஷி
1-8-2025

தளவாய் அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று நாளாக விடாத மழை. குர்லாவில் வண்டி மாறி சயான் வந்து சேர்வதற்குள் குடையும் நானும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறோம்.

நீங்கள் சுட்டிய மூன்று பிழைகளும் சரி. திங்கட்கிழமையே திருத்திவிட்டோம். முப்பத்தெட்டு, வாட்ச்மேன், நாலடி, மூன்றின் மேலும் கோடு போட்டு, "தளவாய் அவர்கள் சுட்டிக்காட்டியது" என்று எழுதியிருக்கிறார்கள். உயரத்தை அளப்பதற்கு நாலு பிள்ளைகள் டேப்போடு உங்கள் பலகைக்கு வந்தார்களாமே. நீங்கள் அவர்களை விரட்டவில்லை, டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, அதிகாரியிடமிருந்து போன் வந்தது. விசாரணை முடியும் வரை வலைப்பூவை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்திவிட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமை, எட்டாம் தேதி, நான் நேரில் போய் விளக்கம் சொல்ல வேண்டும். கேட்டால் நடந்ததைச் சொல்வேன். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்று பலகையில் எந்தத் தேதி இருந்தது என்று எனக்குத் தெரியாதே. தெரியாததை எப்படிச் சொல்வது?

உங்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை, போன் வருவதற்கு முன்பு, சஃபீனா எழுந்து நின்றாள். "டீச்சர், என் பதிவுல ஒரு தப்பு இருக்கு. அண்ணாச்சி தாத்தா சொன்ன மூணு இல்ல. நாலாவது" என்றாள்.

சொர்ணம்மாளுக்குப் படிக்கத் தெரியாது என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். தினமும் விடியற்காலை குழாயடி வரிசையில் பலகையை அவருக்குப் படித்துச் சொல்வது சஃபீனாதானாம். அன்றும் அவள்தான்.

"'என்னட்டி எழுதிருக்கு?'ன்னு ஆச்சி கேட்டாங்க. 'முகாம் நாளைக்குக் கடைசி'ன்னேன். 'இன்னைக்கு என்ன தேதி?'ன்னாங்க. கீழ பாத்து 'ஒம்பது'ன்னேன். 'அப்ப நாளைக்குப் போய்க்கிடலாம், இன்னைக்கு மாவு நெறைய இருக்கு'ன்னாங்க. நான் சொல்லித்தான் அவங்க போகல. அத நான் எழுதல டீச்சர். போர்டு தப்புன்னு மட்டும் எழுதிட்டேன்."

"படித்துச் சொன்னது நான்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றாள். தாளில் எழுதியும் வைத்துவிட்டாள். கம்ப்யூட்டர் அறைக்குப் போவதற்குள் போன் வந்துவிட்டது. இப்போது அந்தப் பதிவு அப்படியே நிற்கிறது. யாரும் அதை எடுக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது.

இந்த வாரச் செய்திகளைத் தாளில் எழுதி வகுப்பு வெளிச்சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கேட் பக்கமிருந்து பார்த்தால் தெரியும்.

அன்புடன்,
கோகிலவாணி


மாட்டுங்கா லேபர் கேம்ப்
3-8-2025

டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் பிள்ளைகள் மேல் இன்னொரு புகார் இருக்கிறது. இதை அதிகாரிக்கு எழுதவில்லை, உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

நேற்று சனிக்கிழமை பகல் முழுவதும் நான் சந்தில் இல்லை. சாயங்காலம் உங்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன். பள்ளிக்கூடம் விட்டிருந்தது. வாட்ச்மேன் உள்ளே விட்டார். சுவரில் ஒட்டியிருந்ததையெல்லாம் படித்தேன். பதினேழு தாள். கையெழுத்து ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஆனாலும் பொதுக் கழிப்பறையில் பல்பு எரியாததைப் பற்றி எழுதிய பிள்ளை எத்தனை நாளாக எரியவில்லை என்று எண்ணி எழுதியிருக்கிறது. அது நல்ல வேலை.

ஆறாவது தாளில், "நாளை காலை பத்து மணிக்கு லேபர் கேம்ப் மன்றத்தில் இலவசக் கண் பரிசோதனை" என்று இருந்தது. எனக்குக் கண்ணில் ஒன்றும் இல்லை. கண்ணாடியின் காம்பு லூசாக இருக்கிறது, அங்கே மாற்றித் தருவார்களா என்று பார்க்கலாம் என்று நினைத்தேன்.

இன்று காலை ஒன்பதே முக்காலுக்கெல்லாம் போய்விட்டேன். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, பழைய கண்ணாடிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு. மன்றம் பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, டாக்டர்கள் தாமதமாக வருவார்கள் என்று நின்றேன். மழை தூறியது. பத்தே கால் ஆயிற்று, பத்தரை ஆயிற்று. உட்கார அங்கே ஒன்றும் கிடையாது. என் பலகை இருக்கிற சுவர்தான். அதில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

சொர்ணம்மாள் காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். போனவள் நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, பூட்டுன கதவப் பாத்துட்டு நிக்கீக?"

நான் கையிலிருந்த கண்ணாடிச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"கண் முகாமுக்கா? அது நேத்தே முடிஞ்சு போச்சே. நான் போய்ட்டு வந்தேம்லா. ஒங்க போர்டுல இல்லாததுனால பலபேருக்குத் தெரியல."

அவள் அதைக் குத்திச் சொல்லவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் பையை இழுத்து விட்டுக்கொண்டு, "கால் வலிக்கும், போய் உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தத் தாளில் தேதி இல்லை, டீச்சர். எழுதிய நாள் எது என்று எங்கேயும் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதினேன். வேறு ஒன்றும் இல்லை.

ச. தளவாய்


வாஷி
4-8-2025

தளவாய் அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இன்று காலை வகுப்பில் படித்தேன். முழுவதும் அல்ல. தாளைப் பற்றிய பகுதியை மட்டும்.

எழுதியவன் வானமாமலை. வெள்ளிக்கிழமை எழுதினான், வெள்ளிக்கிழமையே ஒட்டினான். முகாம் சனிக்கிழமை. அவன் எழுதியபோது அது சரிதான். வலைப்பூவில் என்றால் தேதி தானாக விழுந்திருக்கும். அதனால் பிள்ளைகளுக்குத் தேதி போடும் பழக்கமே இல்லாமல் போய்விட்டது. எனக்கும் தோன்றவில்லை. தவறில் பாதி என்னுடையது. எல்லாத் தாளிலும் இன்று தேதி போட்டார்கள். வானமாமலை தன் தாளில் "நாளை" என்பதன் மேல் கோடு போட்டு "ஆகஸ்ட் 2, சனி" என்று எழுதிவிட்டு, அடியில் "இதைப் படித்து ஒரு பெரியவர் மழையில் நின்றார், நான்தான் காரணம்" என்று தானாகவே எழுதினான். நான் எழுதச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறான். நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று சொல்லி நிறுத்திவைத்திருக்கிறேன்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது, அண்ணாச்சி. தவறைக் கண்டுபிடித்தால் பயப்படுவதில்லை. மூன்றாவது கேள்விக்கு, 'எப்போது' என்பதற்கு, பதில் இல்லாவிட்டால் மட்டும் விடமாட்டார்கள். அன்று எந்தத் தேதி என்ற சஃபீனாவின் கேள்வி எங்கள் வகுப்புக் கரும்பலகையின் ஓரத்தில் அப்படியே இருக்கிறது. தினமும் அதைச் சுற்றித்தான் நான் பாடம் எழுதுகிறேன்.

வேறு கண் முகாம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
கோகிலவாணி


மாட்டுங்கா லேபர் கேம்ப்
7-8-2025
மாலை 7.40

கோகிலவாணி டீச்சருக்கு,

வணக்கம். இதை நாளைக் காலை நீங்கள் அதிகாரியிடம் போவதற்குள் சஃபீனா உங்களிடம் சேர்த்துவிடுவாள். நாளை என்பது ஆகஸ்ட் எட்டு, வெள்ளி.

புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நேற்று நேரில் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நகல் இதோடு இருக்கிறது. உங்கள் மேலும் பிள்ளைகள் மேலும் தவறில்லை என்று அதில் நான் எழுதவில்லை. முப்பத்தெட்டு வருடம் என்று போட்டது தவறுதான். ஒரு திருத்தம் வெளியே வர வேண்டியிருக்கிறது, அதற்காக வலைப்பூவைத் திறக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

திருத்தம் இது. ஒரு எழுத்து மாற்றாமல் போடுவதாகச் சொன்னீர்கள்.

மார்ச் மாதம் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்குப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது முக்காலியிலிருந்து விழுந்தேன். முழங்கால் பிசகிவிட்டது. கடை திறக்க வந்த கரீம் பாட்சா மட்டும் பார்த்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. பேத்தி கேட்டபோதும் சொல்லவில்லை. அதிலிருந்து தனியாக முக்காலியில் ஏற முடியவில்லை. காலையில் அவருக்குச் சாயா வேலை. மாலை ஏழு மணிக்குக் கடையைக் கட்டிவிட்டு வந்து முக்காலியைப் பிடித்துக்கொள்வார், நான் ஏறி எழுதுவேன். காலையிலும் நான் எழுதுவதாகச் சந்தில் எல்லாரும் நினைக்க வேண்டும் என்று, விடியற்காலை போய், கீழ் மூலையில் தரையில் நின்றபடியே எட்டுகிற இடத்தில், தேதியை மட்டும் துடைத்துப் புதிதாக எழுதிவிட்டு வருவேன். மேலே இருப்பது முந்தின நாள் சாயங்காலம் எழுதியது.

ஜூலை எட்டாம் தேதி மாலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு "நாளை கடைசி நாள்" என்று எழுதினேன். ஒன்பதாம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னால் போய்த் தேதியை ஒன்பது என்று மாற்றினேன். மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. சஃபீனா படித்தது சரி. அவள் சொர்ணம்மாளுக்குச் சொன்னதும் சரி. அவள் எழுதிவைத்திருக்கும் நாலாவது திருத்தம் தேவையில்லை. இருப்பதை இருக்கிறபடி படித்தவள் மேல் என்ன தவறு இருக்க முடியும்? அந்தத் தாளைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். பதிவில் நீங்கள் எதையும் எடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் இது இன்னும் பதிவில் ஏறவில்லை.

நான் எழுதியபோது அது சரியாகத்தான் இருந்தது. இதை இப்போதும் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை சொர்ணம்மாளோடு ரேஷன் அலுவலகத்துக்குப் போனேன். அவள் பத்தடி முன்னால் நடந்தாள், நான் பின்னால். வரிசையில் இரண்டரை மணி நேரம். "ஒங்களுக்குத்தான் கார்டு சரியா இருக்கே, நீங்க எதுக்கு நிக்கீக?" என்று கேட்டாள். "சும்மாதான்" என்றேன். விரலை வைத்தாள், பதிந்துவிட்டது. மற்ற பதினொரு வீட்டாரும் ஆகஸ்ட் இருபதுக்குள் போய்ப் பதியலாம் என்று சொன்னார்கள். அன்று மாலையே பலகையில் எழுதினேன். ஆகஸ்ட் இருபது, புதன்கிழமை என்று எழுதினேன்.

அதோடு உங்கள் பிள்ளைகள் செய்வதுபோல ஒரு திருத்தத்தையும் எழுதினேன். "ஜூலை 8 மாலை இந்தப் பலகையில் எழுதிய செய்திக்குக் கீழே தேதி மட்டும் 9 என்று மாற்றப்பட்டது. மாற்றியது நான். தளவாய்." துடைக்காமல் மூன்று நாள் விடுவது என்று வைத்திருக்கிறேன். நேற்று மழைச்சாரலில் பாதி போய்விட்டது. மறுபடி எழுதினேன். இன்று கடைசி நாள்.

இன்று விடியற்காலை குழாயடி வரிசையில் சொர்ணம்மாள் நின்றாள், பக்கத்தில் சஃபீனா. நான் மூலையில் தேதியைத் தொடாமல் ஓரமாக நின்றேன். சஃபீனா படிக்க வாயெடுத்தாள். சொர்ணம்மாள் என்னைப் பார்க்காமல், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஏட்டி, எப்ப எழுதுனதுன்னு மொதல்ல படி. பொறவு என்ன எழுதிருக்குன்னு சொல்லு."

சஃபீனா படித்தாள். "நேத்து ராத்திரி ஏழு இருவது, ஆச்சி."

"ஆங். அப்ப இது நேத்தைய நாக்கு. நாளைன்னு இருந்தா அது இன்னைக்கு. சரி, படி."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, முழுவதையும் கேட்டார்கள்.

அந்த வானமாமலையை ஒரு நாள் வரச் சொல்லுங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம். மன்றத்துக் கதவில், எந்த நாள் திறக்கும் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்ட வேண்டியிருக்கிறது. என் கையெழுத்தைவிட அவன் கையெழுத்து பெரிதாக இருக்கிறது.

இப்படிக்கு,
ச. தளவாய்

முக்காலியைப் பிடித்துக்கொண்டது: கரீம் பாட்சா